அலகின் தட்டைப் பக்கம்

அன்று பட்டறையில் நின்றவர்கள் ஐந்து பேர். போர்மன் சின்னத்துரை ஐயா. கையில் வெற்றிலைத் தட்டத்தோடு அம்மன் கோயில் தலைவர் கணபதிப்பிள்ளையர். என்னோடு வேலை செய்த தச்சன் யோகன். மரச்சீவல் அள்ள வந்து, பிறகு சீவுளி அலகு தீட்டுகிறவளாக மாறிய மாரியாயி. ஐந்தாவது நான். வேறு ஒருவரும் இல்லை. இதை ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன் என்றால், பின்னாளில் இந்தக் கதையைச் சொன்ன பத்துப் பதினைந்து பேரும் தாங்கள் நேரே நின்று பார்த்த மாதிரித்தான் சொன்னார்கள். நின்றது ஐந்து பேர். அதிலும் நடந்தது என்னவென்று தெரிந்தது இரண்டு பேருக்கு மட்டும்.

எங்கள் பகுதித் தச்சுத் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். நான் சீவுளியைக் கீழே வைத்து மூன்று வருடமாகிறது. சும்மா இருக்கிற மனிசன்தானே, எழுதித் தரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

"ஐயா, முதிரை மரத்துக்கு நீங்கள் தீட்டுற அந்த அலகைப் பற்றி எழுதுங்கோ. நடராசா அலகு எண்டுதானே எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம். அதை எப்பிடிக் கண்டுபிடிச்சனியள் எண்டு எழுதினாலே காணும்."

"ஓம், பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்த பிறகு யோசனை பிடித்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை வருமோ, அச்சில் வந்து ஊர் சிரிக்குமோ என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்த அலகை நான் கண்டுபிடிக்கவில்லை என்பது. மூன்று நாள் எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் வேறு யாராவது என் பெயரைப் போட்டே எழுதிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன்.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் குடும்பம் வடமராட்சியிலிருந்து காணி கிடைத்துக் கண்டாவளைப் பக்கம் வந்தது. எனக்கு வயல் சரிவரவில்லை. மழை வருமோ வராதோ என்று நித்திரையில்லாமல் கிடக்க என்னால் முடியாது. மரவேலைக்கு வானத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துக் கிளிநொச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சாணைக்கல்லின் மிதியை மிதித்தேன். மூன்றாம் வருடம் உளி தீட்டத் தந்தார்கள். ஏழாம் வருடம் சீவுளி அலகு. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையின் அலகுப் பெட்டி என்னிடம்தான் இருந்தது.

அலகுப் பெட்டி என்பது ஒரு சின்ன மரப்பெட்டி. பட்டறைச் சீவுளிகளின் அலகுகள் எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி அதற்குள் கிடக்கும். காலையில் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிய வாங்கித் தீட்டி வைப்பதும் பெட்டிக்காரனின் வேலை. பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவன் இடுப்பில். பெரிய பதவி ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு பெரிய தச்சனானாலும் காலையில் அவன் முன்னால் வந்து கை நீட்டத்தான் வேண்டும். எனக்கு அது போதும்.

தொண்ணூற்றாறில் சண்டையால் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது சைக்கிளின் பின்பக்கத்தில் நான் முதலில் கட்டியது அந்தப் பெட்டியைத்தான். முதலாளி ஏற்கெனவே போய்விட்டார், கேட்க ஆளில்லை.

"சட்டி பானையை விட்டிட்டு இரும்பைக் கட்டுறியள்" என்று மனைவி அழுதாள்.

"சட்டி எங்கேயும் வாங்கலாம். இது வாங்கேலாது" என்றேன்.

அது உண்மைதான். அந்த நாளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் இரும்பு வராது, மண்ணெண்ணெய் ஆனைவிலை, பற்றரி வராது. மரத்தைத் தேய்த்து மினுக்குகிற அரத்தாள் ஒரு துண்டு கூட வராது. துணுக்காயில் கிடுகுக் கூரை போட்ட ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். போர்மன் சின்னத்துரை ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். பதினான்கு அலகு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா" என்றார்.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். வந்தவுடன் சேட்டைக் கழற்றிக் கூரை வளையில் கொழுவிவிட்டு, அன்று முழுவதும் உடம்பில் சால்வையோடு நிற்பார். யாரையும் ஏசமாட்டார். எங்களை எல்லாம் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து 'நீங்கள்' என்று வந்தால் கதை முடிந்தது. "யோகன், நீங்கள் இண்டைக்கு வெள்ளன வீட்டை போகலாம்" என்று ஒருநாள் சொன்னார். யோகன் ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்தான்.

அலகு பார்ப்பதற்கு அவரிடம் மூன்று முறை இருந்தது. முதலில் கூரை ஓட்டையால் விழும் வெயிலில் அலகின் விளிம்பை நேரே பிடிப்பார். மழுங்கிய இடம் இருந்தால் அங்கே வெள்ளையாக ஒரு கோடு மினுங்கும். கூரான அலகுக்கு விளிம்பே தெரியாது. இரும்பு முடிகிற இடம் இருட்டாக இருக்கும். "வெள்ளை காட்டுது" என்றால் திரும்பத் தீட்டு என்று அர்த்தம். பிறகு பெருவிரல் நகத்தில் அலகைச் சாய்த்து வைப்பார். வழுக்கினால் மழுங்கல், கடித்தால் கூர். கடைசியாக அலகைச் சீவுளியில் பூட்டி ஒரு இழுப்பு இழுத்து, வந்த சீவலைப் பழைய பேப்பரின் மேல் விரிப்பார். சீவலுக்குள்ளால் எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். தலைப்பு எழுத்துத் தெரிந்தால் "ம்". செய்தி எழுத்துத் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் சீவுளியை உன் கையில் தருவார். அந்த ஒன்றும் சொல்லாமைக்காக நான் செத்துக்கொண்டிருந்தேன்.

தீட்டுகிற முறையையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். அலகுக்கு இரண்டு பக்கம். ஒன்று சரிவு, மற்றது தட்டை. சரிவைச் சாணைக்கல்லில் பிடித்து உருவம் எடுப்போம். இரண்டு மூலையையும் அரை நகமளவு மழுக்குவோம். இல்லாவிட்டால் பலகையில் கோடு விழும். பிறகு எண்ணெய்க்கல்லில் அந்தச் சரிவைப் பொருத்தி, மணிக்கட்டு அசையாமல், கல்லின் முழு நீளத்துக்கும் போய் வர வேண்டும். விளிம்பில் மெல்லிய பிசிர் ஒன்று மறுபக்கம் மடியும். அதை எடுக்க மட்டும் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து ஒருதரம் இழுப்போம். படுக்கவைத்து என்றால் முழுதாகப் படுக்கவைத்து. ஒரு மயிரளவும் தூக்கக்கூடாது. தூக்கினால் கையில் அடி விழும். எனக்கு விழுந்திருக்கிறது. இருபது வருடமாக நான் கும்பிட்ட சட்டம் அது.

மாரியாயி பட்டறைக்கு வந்தது சீவல் அள்ள. அடுப்பெரிக்கச் சீவல் நல்லது, காசும் இல்லை. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து குடியேறிய ஆள். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் மலேரியாவில் போய்விட்டார். பின்னேரம் உரப்பையோடு வருவா, கூட்டுவா, அள்ளுவா, போவா. ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டே சொன்னா:

"இன்னைக்குச் சீவலெல்லாம் தூளா இருக்குங்கண்ணே. மத்தியானத்துக்கு மேல கத்தி மழுங்கிருச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று எண்ணெய் முடிந்திருந்தது. தேங்காயெண்ணெய் சமையலுக்கே இல்லை; இலுப்பெண்ணெயை ஊற்றித் தீட்டினேன், அது கல்லில் பிசினாகப் பிடித்துக் கொண்டது. மத்தியானத்துக்கு மேல் அலகு வெட்டவில்லை என்பது உண்மை. ஆனால் சீவல் அள்ளுகிற ஆள் அதைச் சொல்வதா?

"உமக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"சுருளா வந்தா உடனே பத்திக்கும்ங்க. தூளா இருந்தா புகையும். அதான் கேட்டேன்."

யோகன் கெக்கட்டம் விட்டுச் சிரித்தான். "அண்ணை, உங்கட அலகுக்கு அடுப்பிலயும் சோதினை!"

ஐயா சிரிக்கவில்லை. "ஏன் புள்ளை, நீ கத்தி தீட்டுவியோ?" என்று கேட்டார்.

"எங்கப்பா கவ்வாத்து வெட்டுறவருங்க. தேயிலைச் செடிய வெட்டி உடுறது. ஒரே வெட்டுல கெளை அறுபடணும். நாரு பிஞ்சா செடி பட்டுப்போயிரும், கணக்கப்பிள்ளை பேர் போடமாட்டாரு, அன்னைக்குக் கூலி போயிரும். அவரு கத்திய நான்தாங்க தீட்டிக் குடுப்பேன். எண்ணெயெல்லாம் இல்லீங்க. கல்லும் தண்ணியும்."

மறுநாள் தன் கல்லைக் கொண்டு வந்தா. பலகை போல ஒரு சாம்பல் நிறக் கல். நடுவில் தேய்ந்து குழிந்து போகாமல் இருந்தது. மலையிலிருந்து வரும்போது தகப்பன் மடியில் கட்டிக்கொண்டு வந்ததாம். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, குந்தியிருந்து தீட்டினா. கல்லில் வெண்ணெய் மாதிரி ஒரு சேறு வந்தது. அதைக் கழுவவில்லை, அதன் மேலேயே தீட்டினா. ஐயா அலகை வெயிலில் பிடித்தார். நகத்தில் வைத்தார். இழுத்தார். சீவலைப் பேப்பரில் விரித்தார்.

மரண அறிவித்தல் எழுத்துத் தெரிந்தது. பேப்பரிலேயே ஆகச் சின்ன எழுத்து அதுதான்.

ஐயா ஒன்றும் சொல்லாமல் சீவுளியை யோகன் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பொறாமை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தேன். பட்டறையின் பேர் கெடும், அலகுகள் துருப்பிடிக்கும், தண்ணீர் பட்ட இரும்பு நிலைக்காது. அவ தீட்டித் தருகிற அலகுகளை வீட்டுக்குக் கொண்டு போய் விளக்கில் திருப்பித் திருப்பித் துரு தேடினேன். துரு இல்லை, துடைத்து, தன் தலைமயிரில் தேய்த்து எண்ணெய் பிடிக்கப்பண்ணித்தான் தந்திருந்தா. ஒரு மாதத்தில் ஐயா அவவுக்கு நாட்கூலி போட்டார், நூற்றிருபது ரூபா. எனக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. காலையில் கை நீட்ட வருகிறவர்கள், "அண்ணை, மாரியாயி தீட்டினதில ஒண்டு தாங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். என் பெட்டிக்குள் என் கை தீட்டாத அலகுகள். அதை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"தேயிலைக்குத் தீட்டுறதும் மரத்துக்குத் தீட்டுறதும் ஒண்டில்லை" என்று எல்லோருக்கும் கேட்க ஒருநாள் சொன்னேன்.

"ஓமுங்க" என்றா அவ. எங்கள் ஓமையும் தன் 'ங்க'வையும் சேர்த்து அப்படித்தான் பேசுவா. "மரத்துக்கு ஈசிங்க. மரம் ஏற்கனவே செத்துருச்சு."

யோகன் சிரித்து உருண்டான். நான் பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் பூட்டினேனா என்று பயம் வந்து திரும்பி வந்து பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கோயில் கதவு வந்தது. இடம்பெயர்ந்து வந்த சனங்கள் சேர்ந்து கட்டிய சின்ன அம்மன் கோயில். கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கணபதிப்பிள்ளையர் எங்கேயோ அலைந்து முதிரைப் பலகை இரண்டு கொண்டு வந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம், ஒட்டுப் போடாத ஒரே பலகை. "இதை விட்டால் வேற இல்லை ஐயா. பாத்துச் செய்யுங்கோ" என்று கைகூப்பினார்.

முதிரையைப் பற்றி வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வைரம், மணம், பொன் மாதிரி நிறம், எல்லாம் சரி. ஆனால் அதன் நார் ஒரு விரலகலம் வடக்கே பார்த்துப் படுத்திருக்கும், பக்கத்து விரலகலம் தெற்கே பார்த்துப் படுத்திருக்கும். எந்தப் பக்கத்தால் சீவுளி போட்டாலும் ஒரு வரி வழுக்கும், அடுத்த வரி பிய்யும். அரத்தாள் இருந்தால் பிய்ந்ததைத் தேய்த்து மறைக்கலாம். எங்களிடம் இல்லை. சீவுளி விட்ட முகம்தான் கதவின் முகம்.

நான் தீட்டிய அலகால் யோகன் ஒரு துண்டுப் பலகையில் போட்டுப் பார்த்தான். பிய்ந்தது. அலகின் மேல் பூட்டுகிற மேலிரும்பை விளிம்போடு ஒட்டக் கிட்டவாகத் தள்ளினோம். குறைந்தது, ஆனால் பிய்ந்தது. இரண்டு நாள் நான் வேறு வேறு சரிவில் தீட்டினேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் பலகையைத் தடவுவார். அது வேறு விதமான ஒன்றும் சொல்லாமை. மூன்றாம் நாள் மாரியாயியைக் கூப்பிட்டார். அவ அரை நாள் துண்டுப் பலகையோடு ஒரு மூலையில் குந்தியிருந்தா. பிறகு ஒரு அலகைக் கொண்டு வந்து, "இதப் போட்டுப் பாருங்கய்யா" என்றா.

துண்டுப் பலகை கண்ணாடி மாதிரி வந்தது. போன பக்கம் போனாலும், வந்த பக்கம் வந்தாலும்.

நான் கிட்டப் போகவில்லை. அவ ஐயாவுக்கு ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தா. ஐயாவின் கண்ணாடி கீறல் விழுந்து போயிருந்தது, மாற்ற வழியில்லை. கிட்டத்தில் பார்வை மங்கல். தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு ஒரு மேசைக் காலுக்கு முளை அடித்தேன். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் கேட்டவன் ஆகிவிடுவேனே என்று கேட்கவில்லை.

ஒரு வழக்கம் உண்டு. கோயில் கதவின் கடைசிச் சீவலைப் பட்டறையில் மூத்தவர்தான் எடுக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் வரும் அந்தச் சீவலைத் தட்டத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். கதவுகளை நாங்கள் அந்த ஒரு சீவலுக்கு விட்டுவிட்டு மட்டம் பார்த்து முடித்திருந்தோம். தடிப்பு அளவாக நின்றது. கீல் வெட்டும் வெட்டியாயிற்று. கணபதிப்பிள்ளையர் பின்னேரம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வயிறு சரியில்லை என்று நின்றேன். பெட்டியைத் திறந்து அவ தீட்டிய அந்த அலகை எடுத்து வெயிலில் பிடித்தேன். வெள்ளை இல்லை. திருப்பினேன். தட்டைப் பக்கத்தில், விளிம்போடு, மயிரிழை அகலத்தில் ஒரு மினுக்கம்.

தட்டையைத் தூக்கியிருக்கிறா!

அலகை இன்னொரு தரம் வெயிலில் திருப்பினேன். எனக்கு வந்தது கோபமா சந்தோசமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. நான் அடி வாங்கிப் படித்த சட்டத்தை, பட்டறையின் நல்ல அலகில், சீவல் அள்ள வந்த ஒரு ஆள் மீறியிருக்கிறா. துண்டுப் பலகை தப்பியது ஏதோ அதிர்ஷ்டம். நெடும் பலகையில் போட்டால் நாசம் என்று என் மூளை சொன்னது. அதோடு இன்னொன்றும் சொன்னது: இதை நான் ஒழுங்காகத் தீட்டிவைத்தால், அந்தச் சீவல் என் அலகில் வரும். வந்த பிறகு ஐயாவிடம் சொல்லலாம்.

சாணைக்கல்லை மிதித்தேன். சரிவுப் பக்கத்தில் பிடித்து, அந்த மயிரிழை மினுக்கம் மறையும்வரை எடுத்தேன். பிறகு ஒளித்துவைத்திருந்த கடைசித் துளித் தேங்காயெண்ணெயைக் கல்லில் விட்டுத் தீட்டினேன். தட்டையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. நகத்தில் வைத்தேன், கடித்தது. முழங்கை மயிரில் வைத்தேன்; தொடமுன் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கூர் நான் எடுத்ததில்லை. அதுதான் பிழை.

இரண்டு மணிக்குக் கணபதிப்பிள்ளையர் வந்தார். கற்பூரம் கொளுத்தினார். நான் பெட்டியைத் திறந்து அலகை நீட்டினேன். ஐயா பூட்டி, நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, கதவின் தலைப்பில் சீவுளியை வைத்து நடந்தார். முதல் இரண்டடி பட்டு நூல் மாதிரிச் சீவல் எழும்பியது. பிறகு ஒரு சத்தம். துணி கிழிகிற மாதிரி.

கதவின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, நார் வேரோடு எழும்பி நின்றது.

கணபதிப்பிள்ளையர் தட்டத்தைக் கீழே வைத்தார். "என்ன ஐயா இது, அம்மாளே" என்றார். ஐயா சீவுளியைக் கழற்றி அலகை வெயிலில் பிடித்தார். வெள்ளை தெரியவில்லை. நகத்தில் வைத்தார். கடித்தது. பிறகு மாரியாயியைப் பார்த்தார்.

"இது நீங்கள் தீட்டினதோ?"

நீங்கள் என்றார். அதைக் கேட்டவுடன் எனக்குள்ளே ஒரு குளிர்மை ஓடியது. மறைக்காமல் எழுதுகிறேன். கதவு கிழிந்து கிடக்கிறது, கோயில் நாள் கிட்டுகிறது. எனக்கோ அந்த ஒரு சொல் அவவுக்குப் போனது குளிர்மையாக இருந்தது.

அவ அலகை வாங்கினா. சரிவைப் பார்க்கவில்லை. நேரே தட்டைப் பக்கத்தில் பெருவிரலை வைத்துத் தடவினா. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. ஒரு நொடிதான்.

"ஆமாங்கய்யா. நான் தீட்டுன கத்திதான்."

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எவருடைய அலகால் மரம் பழுதாகிறதோ, அவர் அதைத் திருத்தி முடிக்கும்வரை கூலி இல்லை. ஐயா அதை வாயால் சொல்லவும் இல்லை. "திருத்துங்கோ" என்றார், அவ்வளவுதான்.

கணபதிப்பிள்ளையர் போன பிறகு அவ கிணற்றடியில் கல்லை நனைத்துக்கொண்டிருந்தா. நான் தண்ணி குடிக்கப் போகிற மாதிரிப் போனேன். எனக்கு இருக்க முடியவில்லை. ஐயாவிடம் சொல்லிவிடுவாவோ என்ற பயம்.

"அண்ணே" என்றா, என்னைப் பார்க்காமல். "நல்லாத்தான் தீட்டிருக்கீங்க. எங்கப்பா பாத்தா உங்க கையப் புடிச்சிப் பாத்திருப்பாரு. ஆனா இந்த மரத்துக்குக் கத்தி படுத்துக்கிட்டுப் போகக்கூடாதுங்க. நாரக் கெளப்பிரும். கொஞ்சம் நிமுந்து நின்னுக்கிட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்தப் பக்கத்துல லேசா ஒரு சரிவு."

"அப்ப நான் கைவைச்சதை ஏன் ஐயாவுக்குச் சொல்லேல்லை?"

"தொறப்பு உங்க இடுப்புல இருக்கு. சீவல் அள்ள வந்தவ சொன்னா யாருங்க நம்புவா? சொல்லிக் காட்டினதுக்கு நாளைக்கு எனக்கு வேலையும் இருக்காது."

சொல்லிவிட்டுத் தட்டைப் பக்கத்தைக் கல்லில் வைத்தா. ஒரு நெருப்புக்குச்சித் தடிப்புக்கு முதுகுப் பக்கத்தைத் தூக்கினா. இழுத்தா. ஒன்று, இரண்டு, மூன்று. அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் என் கண் அதை அளந்து வைத்துக்கொண்டது.

கிழிந்த இடம் ஆழம். அந்த இடத்தை மட்டும் எடுத்தால் குழி தெரியும். கதவு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும், மற்றக் கதவையும் அதற்குச் சமனாக. கீலை ஆழமாக வெட்டித் தடிப்பைச் சமாளித்தார்கள். மூன்று நாள். ஐயாவும் அவவும் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அலகை மாற்ற வேண்டும். அவ தீட்டித் தர ஐயா வாங்குவார். முதல் நாள் ஐயா அவவோடு கதைக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், "இஞ்ச பார் புள்ளை, இந்த வரி கொஞ்சம் கள்ளம் காட்டுது" என்றார். 'நீங்கள்' போய்விட்டது. நான் எட்டத்தில் ஒரு மேசைக்குக் கால் சீவிக்கொண்டு நின்றேன். கூலியில்லாமல் நிற்கிறது அவ. ஆனாலும் எனக்கு அவவில்தான் எரிச்சல். என் பதினான்கு அலகும் கொடுத்து வாங்க முடியாத இடத்தில், ஐயாவுக்கு எதிரே, அவ நின்றா.

மூன்றாம் நாள் கடைசிச் சீவல் தலைப்பிலிருந்து அடிவரை அறுபடாமல் வந்தது. கணபதிப்பிள்ளையர் அதைத் தட்டத்தில் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதார். கதவு குறித்த நாளுக்குக் கோயிலில் மாட்டப்பட்டது. அடுத்த கிழமை ஐயா என்னிடம், "நடராசா, முதிரை அலகு நாலையும் அவளிட்டக் குடு. தனியப் பெட்டி வைக்கட்டும்" என்றார். கொடுத்தேன். அன்றைக்கும் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாயிரத்தில் நான் கண்டாவளைக்குத் திரும்பிச் சொந்தமாகப் பட்டறை போட்டேன். முதல் முதிரை வேலை வந்த அன்று, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, தட்டைப் பக்கத்தைக் கல்லில் வைத்து, நெருப்புக்குச்சித் தடிப்புக்குத் தூக்கி, மூன்று இழுப்பு இழுத்தேன். பலகை கண்ணாடியாக வந்தது. பார்த்தவர்கள் கேட்டார்கள். "என்ர முறை" என்றேன். ஒருவர் இருவருக்குச் சொன்னார். பெயர் நின்றுவிட்டது.

மாரியாயி நெடுங்கேணிப் பக்கம் தமையனின் காணிக்குப் போய்விட்டதாக யோகன் சொன்னான். இரண்டாயிரத்தொன்றில் ஒருநாள், மூன்று நாள் கூலியை எண்ணி ஒரு கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். மனைவிக்கு மரம் பார்க்கப் போவதாகச் சொன்னேன். சும்மா போனால் என்னவென்று கேட்பார்களோ என்று ஒரு அலகையும் துணியில் சுற்றி எடுத்தேன். பஸ்ஸும் உழவு இயந்திரமும் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

வீட்டை விசாரிக்கவே தேவைப்படவில்லை. "அலகு தீட்டுற அக்காவோ?" என்று சந்தியிலேயே காட்டினார்கள். மண்வீட்டு முற்றத்தில் ஒரு கொட்டில். அதன் கூரை வரிச்சில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அலகுகள். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் எழுதிய அட்டை: ஒட்டுசுட்டான், புளியங்குளம், கனகராயன்குளம். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தொன்று. அவவின் கல்லுக்குப் பக்கத்தில் புத்தம் புதிய கல் ஒன்றும் இருந்தது, இரண்டு நிறம். யாரோ வெளிநாட்டில் இருந்து அனுப்புவித்தார்களாம்.

என் பட்டறைக்கு அப்போது ஒரு மாதத்தில் எட்டு அலகு தீட்ட வந்தால் பெரிய காரியம்.

"அட, நடராசண்ணே! வாங்க வாங்க." முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க, இவ்ளோ தூரம்? ஏதாச்சும் தீட்டணுமா?"

சேட்டுப் பையில் காசு இருந்தது. வாயில் சொல் இருந்தது. முப்பத்தொரு அலகும் காற்றில் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. இந்தக் காசை நீட்டினால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த முப்பத்தொன்றுக்கும் கீழே நான் நிற்க வேண்டும்.

"ஓம்" என்றேன். "ஒரு அலகு. முதிரைக்கு."

வாங்கிப் பார்த்தா. திருப்பினா. தட்டைப் பக்கத்தில் என் மூன்று இழுப்பு மினுங்கியது. பெருவிரலால் இரண்டு தரம் தடவினா.

"நல்லா வந்துருக்குங்கண்ணே" என்றா. "இந்த மூலையில மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

கல்லை நனைத்து, அந்த மூலையைச் சரிசெய்து, துடைத்து, தலையில் தேய்த்துத் தந்தா. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. ஒரு அலகுக்குப் பதினைந்து ரூபா என்று கொட்டிலின் கப்புத் தூணில் எழுதியிருந்தது. நான் பையைத் தொட்டேன். அந்தக் கடதாசிச் சுருளை வெளியே எடுக்காமல் பதினைந்து ரூபாவை எடுக்க வழியில்லை.

"காசு பிறகு தாறன் புள்ளை. மாத்தின காசில்லை."

"அதுக்கென்னங்க. போகுது வருது தானே."

கடைசிப் பஸ்ஸில் வரும்போது கடதாசிச் சுருளைப் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்தேன், விழுந்துவிட்டதோ என்று. விழவில்லை. அதற்குப் பிறகு நான் நெடுங்கேணிக்குப் போகவில்லை. அவ இப்போது எங்கே என்று விசாரித்தேன், சரியாகச் சொல்ல ஆளில்லை.

இந்த மலர் எங்கேயாவது அவவின் கையில் கிடைத்தால், அல்லது வாசித்துச் சொல்ல ஆள் கிடைத்தால்: முதிரைக்குத் தீட்டுகிற அந்த அலகு மாரியாயியின் அலகு. அந்தக் கதவைக் கிழித்த கூர் என்னுடையது. நான் அவவுக்குக் கொடுக்க வேண்டியது, மூன்று நாள் கூலி நூற்றிருபது வீதம், ஒரு அலகு தீட்டிய கூலி பதினைந்து, எல்லாமாக முந்நூற்றெழுபத்தைந்து ரூபா.